பெல்ட்டுக்கு எவ்வளவு, வாத்தியாருக்கு எவ்வளவு?

என் சித்தி மகள் குத்துக்கல்வலசையில் இருக்கிறாள். தென்காசியை ஒட்டிய ஊராட்சி. சாரல் நேரத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற சாக்கில் அவள் வீட்டில் இரண்டு நாள் தங்குவது என் வழக்கம். இந்த முறை காபி வருவதற்கு முன்னால் ஒரு டைரி வந்தது.

"அண்ணே, நீங்க பத்திரிகையில எழுதுற ஆளுதானே. இதைப் பாத்துட்டு தகுமா தகாதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நாலாம் வகுப்புப் படிக்கும் மகளை ஒரு வருடமாகத் தற்காப்புக் கலை வகுப்புக்கு அனுப்புகிறாள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். ஊருக்கு ஊர் இருக்கிற பள்ளிதான். கராத்தே, சிலம்பம், யோகா மூன்றும் ஒரே போர்டில் இருக்கும். போர்டின் மூலையில் புரூஸ் லீ. டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வருடச் செலவை என் தங்கை எழுதி வைத்திருந்தாள். அப்படியே தருகிறேன்.

சேர்க்கைக் கட்டணம் 500. உறுப்பினர் அட்டை 300. வெள்ளை உடுப்பு 1,200. மாதக் கட்டணம் 600 வீதம் 7,200. பெல்ட் டெஸ்ட் மூன்று முறை, தடவைக்கு 900 என்று 2,700. போட்டி நுழைவுக் கட்டணம் இரண்டு முறை, மொத்தம் 2,400. 'உலக சாதனை' நிகழ்ச்சிக்கு 1,500. கூட்டினால் 15,800 ரூபாய். போட்டிக்கு வேன் பிடித்துப் போன செலவும் சாப்பாட்டுச் செலவும் இதில் சேர்த்தி இல்லை.

மாப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு சொல்லிவிட்டார். "தண்டம் அத்தான். எங்க தாத்தா காலத்துல கம்பு சொல்லிக்குடுக்க எவன் காசு வாங்குனான்? வெத்தலை பாக்கு வச்சாப் போதும். இப்ப எல்லாம் யாவாரமாப் போச்சு."

இந்த இடத்தில் நான் மாப்பிள்ளையோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. தங்கையோடும்தான்.

முதலில் மாப்பிள்ளை. அந்தக் காலத்தில் ஆசான்கள் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது நாம் ஆசையாகச் சொல்லிக்கொள்கிற கதை. காசாக வாங்கவில்லை, அவ்வளவுதான். நெல்லாக வாங்கினார்கள், வேட்டி துண்டாக வாங்கினார்கள். கோயில் கொடைக்கு முன்னால் நின்று கம்பு சுற்றினால் ஊர் மரியாதை கிடைத்தது. ஊரே சேர்ந்து ஒரு ஆளுக்குச் சோறு போட்டது. இன்றைக்கு அந்த ஊர்ச் சோறும் கிடையாது, நெல்லும் கிடையாது. வெற்றிலை பாக்கை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு, "அவரு பெரிய ஆசான், காசுன்னா கோவிச்சுக்குவாரு" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். அவர் கோவித்துக்கொள்ள மாட்டார் சார். கேட்டுத்தான் பாருங்களேன்.

இன்னொன்று. தட்சணை என்றால் மலிவு என்று யார் சொன்னது? வாத்தியார் வரலாற்றிலேயே அதிகக் கட்டணம் வசூலித்தவர் துரோணர்தான். ஒரு வகுப்புகூட எடுக்காமல் பையனின் கட்டை விரலை வாங்கிக்கொண்டு போனார். எவனுக்குச் சொல்லிக் கொடுப்பது, எவனுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பதில்தான் அந்தக் காலத்து 'இலவசம்' ஓடிக்கொண்டிருந்தது. எந்தத் தெருப் பையன் எந்தத் தெருக் களத்தில் கம்பைத் தொடலாம் என்பதற்கு ஊரில் கணக்கு உண்டு. பொம்பளைப் பிள்ளை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே அடி விழும். இன்றைக்கு 600 ரூபாய் கொண்டுவந்தால் எந்தத் தெருப் பிள்ளையும் வரிசையில் நிற்கலாம். கட்டணம் என்கிற அசிங்கமான சங்கதி செய்த ஒரு நல்ல காரியம் இது. அந்த மைதானத்தில் நான் எண்ணிப் பார்த்தபோது பாதிக்கு மேல் பெண் குழந்தைகள். தாத்தா காலத்தில் ஒருத்தி இருந்திருப்பாளா மாப்பிள்ளை?

காசு வாங்காத ஆசான்கள் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வடகரையில் மீனாட்சி அம்மா இருக்கிறார். 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எழுபது வயதைத் தாண்டியும் கேடயமும் வாளுமாகக் களரியில் இறங்கியவர். அவருடைய கணவர் 1949இல் தொடங்கிய கடத்தநாடன் களரி சங்கத்தில் இத்தனை ரூபாய் என்று கட்டணம் கிடையாது. பிள்ளைகள் முடிந்ததைக் குருதட்சணையாகக் கொடுக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய விஷயம். ஆனால் ஊருக்கு ஒரு மீனாட்சி அம்மாவை எதிர்பார்ப்பது, ஊருக்கு ஒரு காமராஜரை எதிர்பார்ப்பது மாதிரி. மீதி நாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து முப்பது பிள்ளைகளுக்குக் காலை மடக்கு, கையை நீட்டு என்று தொண்டை வற்றக் கத்துகிற மனுஷனுக்கு வீட்டு வாடகை உண்டு, அவருடைய பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடக் கட்டணம் உண்டு.

ஆக, அந்த 7,200 ரூபாய் தகும். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். மழை, பரீட்சை, பண்டிகை போக வருடத்துக்கு எண்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90 ரூபாய். இந்தப் பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு முன்னால் குனிந்தால் முட்டிதான் எட்டும். இப்போது தலைகீழாக நிற்கிறாள், இரண்டு கையாலும் கம்பு சுற்றுகிறாள், டி.வி.க்கு முன்னால் குந்திக் கிடப்பது குறைந்திருக்கிறது. 90 ரூபாய்க்கு இதைவிட என்ன வேண்டும்? என்னைக் கேட்டால் இது குறைச்சல்.

இனி தங்கையோடு சண்டை.

15,800இல் 7,200 போனால் மீதி எவ்வளவு? 8,600. சொல்லிக் கொடுத்ததற்குக் கொடுத்ததைவிடச் சொல்லிக் கொடுக்காததற்குக் கொடுத்தது அதிகம். உடுப்பு கிடக்கட்டும், புரண்டு எழுவதற்குக் கெட்டித் துணி வேண்டும்தான். மற்றதெல்லாம் என்ன? அட்டை, பெல்ட், காகிதம், மெடல்.

இந்த பெல்ட் சமாச்சாரம் ஆயிரம் வருடத்துப் பாரம்பரியம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது. ஜூடோவை உண்டாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கிற இடத்தில் ஒன்பது சீடர்களோடு ஆரம்பித்தார். அவர் வாத்தியார் உத்தியோகம் பார்த்தவர். யார் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே என்று அடுத்த வருடம் இரண்டு பேருக்கு 'டான்' என்ற தகுதி கொடுத்தார். அப்போது கறுப்பு பெல்ட் என்று ஒன்று கிடையாது. அது சில வருடம் கழித்து வந்தது. ஒகினாவாவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஃபுனகோஷி 1922இல் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுவந்து, 1924இல்தான் கராத்தேயின் முதல் கறுப்பு பெல்ட்டுகளைக் கட்டிவிட்டார். அதுவும் கானோவைப் பார்த்துச் செய்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்கிற வானவில் ஐரோப்பிய ஜூடோ கழகங்களில் பரவியது. 1930களில் பாரிஸில் கற்றுக்கொடுத்த கவாய்ஷிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. வெள்ளைக்காரச் சீடர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, நடுநடுவே ஏதாவது கொடுத்தால்தான் தங்குவார்கள் என்பது ஏற்பாடு. தப்பில்லை. பிள்ளைகளுக்கும் அப்படித்தான். நோட்டில் ஸ்டார் போட்டால் சந்தோஷப்படுகிற வயசு.

ஆனால் எந்த டீச்சராவது ஸ்டாருக்கு 900 ரூபாய் கேட்பாரா?

நான் ஒரு டெஸ்ட்டைப் போய்ப் பார்த்தேன். அறுபது பிள்ளைகள் இருக்கும். வெளியூரிலிருந்து ஒரு 'கிராண்ட் மாஸ்டர்' வந்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அறுபது பேரும் பாஸ். கால் தூக்கத் தெரியாமல் விழுந்து அழுத ஒரு குட்டிப் பையனும் பாஸ். ஒருத்தன்கூட ஃபெயிலாகாத பரீட்சைக்குப் பரீட்சை என்று ஏன் பெயர்? கல்யாண மொய் எழுதுகிற மாதிரி பெயரைக் கூப்பிட்டு, பெல்ட்டைக் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். சான்றிதழில் உலக உருண்டை, இரண்டு புறா, மூன்று நாட்டுக் கொடி. 'இன்டர்நேஷனல்' என்ற வார்த்தை நான்கு இடத்தில்.

இந்த இன்டர்நேஷனல் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2020இல் உலக கராத்தே கூட்டமைப்பு, இந்திய கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. தேசிய அளவிலேயே கதை இப்படி. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே ஒரே ஒரு தடவை தலையைக் காட்டியது. 2024 பாரிஸில் கிடையாது. இந்தச் சண்டையெல்லாம் தெரியாமல் ஒரு தாய் சான்றிதழை லேமினேட் பண்ணி, "நாளைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆகும்லா?" என்று என்னிடம் கேட்கிறாள்.

ஆகாது தாயி. தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பத்தைச் சேர்த்தது உண்மை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாக வைத்ததும் உண்மை. நல்ல விஷயங்கள். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு நடத்திய போட்டியில் ஜெயித்திருக்க வேண்டும். தெருக் கடைசி மண்டபத்தில் 1,200 ரூபாய் கட்டினவருக்கெல்லாம் கோப்பை கொடுக்கிற போட்டி அந்தக் கணக்கில் வராது. ஆடத் தெரிந்த பிள்ளைக்கு முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. 2023இல் தனிநபர் பிரிவில் மாநில அளவில் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். அங்கே மஞ்சள் பெல்ட்டா ஆரஞ்சா என்று கேட்க மாட்டார்கள். கம்பைச் சுற்று என்பார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிறு எரிந்தது அந்த 1,500 ரூபாய்தான். உலக சாதனை. கொஞ்ச வருடமாகத் தமிழ்நாட்டில் இது ஒரு நோய். ஐந்து வயசுப் பிள்ளைகளிலிருந்து நிறுத்தி வைத்து மூன்று மணி நேரம் இடைவிடாமல் சிலம்பம் சுற்ற வைக்கிறார்கள். செங்கல் மேல் நின்று, பானை மேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு. யாருமே செய்து பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்தால் அதில் முதல் ஆளாக வருவது என்ன கஷ்டம்? மருமகள் சாதனை செய்த அன்று வெயில். உள்ளங்கை தோல் உரிந்து வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் தட்டு மாதிரி மெடல். சிலம்பம் என்பது எதிரில் ஒருத்தன் நின்று, அவன் கம்பு எங்கே வருகிறது என்று பார்த்து, காலை மாற்றிப் போட்டுத் தடுப்பது. காலடிதான் சிலம்பம். ஒரே இடத்தில் நின்று மூன்று மணி நேரம் சுற்றுவதற்கு மின்விசிறி போதும், பிள்ளை வேண்டாம்.

இதைச் சொன்னதும் தங்கை வாய் திறந்தாள். "நீங்க சொல்லுதது சரிதான் அண்ணே. ஆனா நான் மெடலுக்கா அனுப்புதேன்? பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு ஒண்ணுன்னா நாலு பேரை அடிச்சுட்டு வரணும்லா."

இங்கேதான் விஷயம் கனக்கிறது. இந்த பயத்துக்காகத்தான் ஊரெல்லாம் பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஆனால் பயம் எந்தத் திசையிலிருந்து வருகிறது? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பாலியல் வல்லுறவு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்த ஆள்தான் குற்றவாளி. இருட்டுச் சந்தில் நாலு ரவுடி வருகிற சினிமா வேறு. வீட்டுக்கு வந்து போகிற ஆள் வேறு. ஒன்பது வயசுப் பிள்ளை நாற்பது வயசு ஆம்பிளையை உதைத்து வீழ்த்துவாள் என்று நம்புவது, நாம் நிம்மதியாகத் தூங்குவதற்கு நாமே சொல்லிக்கொள்கிற பொய். அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. சத்தம் போடுவது. "வேண்டாம்" என்று மாமாவிடமும் சொல்லலாம் என்பது. யாரிடம் வந்து சொன்னால் திட்டாமல் கேட்பார்கள் என்பது.

இது உபதேசம் இல்லை, ஆராய்ச்சி இருக்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதல் வருட மாணவிகளை வைத்து சார்லீன் சென் என்ற பேராசிரியர் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. அதில் உதையும் குத்தும் ஒரு பகுதிதான். தெரிந்தவனிடமிருந்து வருகிற ஆபத்தை முன்கூட்டி உணர்வது, 'அவர் மனசு நோகுமே' என்ற தயக்கத்தை உடைப்பது, வாயால் எதிர்ப்பது எல்லாம் மீதி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெறாதவர்களில் வல்லுறவுக்கு ஆளானவர்கள் 9.8 சதவீதம், பெற்றவர்களில் 5.2. கிட்டத்தட்ட பாதி. பன்னிரண்டே மணி நேரத்தில். பெரிய பெண்களிடம் செய்த ஆய்வுதான், அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்த முடியாது. ஆனால் எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கிறது அல்லவா?

மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "1098ன்னா என்ன தெரியுமாம்மா?" தெரியாது. குழந்தைகளுக்கான உதவி எண். எண்பது மணி நேரத்தில் ஒரு நிமிஷம் ஆகாது சொல்லிக் கொடுக்க. 15,800 ரூபாயில் அது மட்டும் இல்லை.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய், மூன்று மாதம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து 15,000. என் தங்கை ஒரே ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது அதைவிட 800 ரூபாய் அதிகம். பெல்ட்டுக்கு அழுகிற காசை எங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம் என்று யோசித்தால் தூக்கம் வராது.

மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போய் மாஸ்டரைப் பார்த்தேன். சண்டைக்குத்தான் போனேன். மனுஷன் நல்லவர், அதுதான் சங்கடம். சிலம்பத்தில் நிஜமான வேலை தெரிந்தவர். மாதக் கட்டணத்தை ஆயிரமாக்கிக்கொள்ளுங்கள், டெஸ்ட், மெடல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றேன். சிரித்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஒருத்தர் குடுப்பிய. நான் ஐநூறை அறுநூறா ஆக்குனதுக்கே ஏழு பிள்ளைய நின்னுட்டு. டெஸ்ட் ஃபீஸ் தொள்ளாயிரம்னா ஒருத்தரும் பேரம் பேச மாட்டாவ. கடன் வாங்கியாவது கட்டுவாவ. அதுலயும் பாதி மேல போயிருது. மிச்சத்துலதான் இந்த இடத்துக்கு வாடகை குடுக்கேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. சொல்லிக் கொடுக்கிறவனிடம் நூறு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்போம், அவன் சான்றிதழ் வியாபாரியாக மாறினால் கேட்ட காசை எண்ணி வைப்போம் என்றால், அவன் எதுவாக மாறுவான்? திட்ட வேண்டிய ஆள் மைதானத்தில் இல்லை. மதிலோரம் ஸ்கூட்டரில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வரிசையாக.

தங்கை ஒரு முடிவுக்கு வந்தாள். மாஸ்டரிடம் மாதம் ஆயிரமாகக் கொடுத்துவிடுகிறேன், டெஸ்டும் வேண்டாம், போட்டியும் வேண்டாம், சாதனையும் வேண்டாம், காலடியை ஒழுங்காகச் சொல்லிக் கொடுங்கள், அந்த 1098ஐயும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள் என்றாள். வருடத்துக்கு 12,000. முன்னைக்கு 3,800 மிச்சம். மாஸ்டருக்கு 4,800 அதிகம். அவர் ஒப்புக்கொண்டார். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

தெரியாமல் இருக்குமா? போன வாரம் டெஸ்ட் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் ஆரஞ்சு கட்டிக்கொண்டு வர, இவள் மட்டும் பழைய மஞ்சளோடு நின்றிருக்கிறாள். இரண்டு நாள் அழுகை. மூன்றாம் நாள் ஒரு அம்மா கேட்டிருக்கிறார், "உங்க பிள்ளை ஃபெயிலாயிட்டாளாக்கா?" தங்கை போன் பண்ணினாள். "என்ன பதில் சொல்ல அண்ணே? நீங்களே வந்து சொல்லுங்க." அடுத்த சாரல் வரைக்கும் அந்தப் பக்கம் போகிற உத்தேசம் எனக்கு இல்லை. அதனால் டைரிக் கணக்கோடு இங்கேயே எழுதிவிட்டேன். பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் மதிலோரம் அவளே காட்டிக்கொள்ளட்டும்.